எட்டு முதல் பதினைந்து வரை

ஆங்கில இலக்கணப் பயிற்சியின் ஏழாவது வாக்கியம் வரை சிரித்துக்கொண்டுதான் வந்தேன். ஏழாவதில் எங்கள் பழைய தலைமையாசிரியை, பெயர் சொல்லப்படாமல், பரீட்சை ஹாலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு கண்காணிப்பாளர்களோடு சேர்ந்து. சேர்ந்து என்று பின்னால் வருகிறவர்கள் கணக்கில் இல்லை, எழுவாய் ஒருத்திதான், ஆகவே வினையும் ஒருமை, வாஸ், வேர் இரண்டில் விடை வாஸ். சிவப்புப் பேனாவால் விடைப்பட்டியலில் எழுதிவிட்டு, எழுபத்திரண்டு வயதாகியும் இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தும் இதை எழுதிய ரெஜினாவுக்குக் குசும்பு போகவில்லையே என்று நினைத்துக்கொண்டே எட்டாவதற்கு வந்தேன். அந்தப் பெண்ணும் அவள் கணவனும் பதினோரு மாதம் வெளியூரில், பிறகு ஒரு கோடு, வாஸ், வேர். இரண்டு பேர், ஆகவே வேர் என்று கை தானாக எழுதிவிட்டது. முப்பத்தோரு வருடம் எழுதிய கை, அதற்கு மூளை தேவையில்லை. எழுதி முடித்த பிறகுதான் மூளை மெதுவாக வந்து சேர்ந்தது. பதினோரு மாதம். வெறுமனே ஒரு வாக்கியம் வேண்டும் என்று எழுதுகிறவள் ஒரு வருடம் என்று எழுதுவாள், ஆறு மாதம் என்று எழுதுவாள். பதினோரு மாதம் என்று யாரும் சும்மா எழுதமாட்டார்கள். ஒன்பதாவதைப் படித்தேன். ஊரில் ஒருவரும் உண்மையை இதுவரை ஊகித்தது இல்லை, ஹேஸ், ஹேவ். பத்தாவது. கன்னியாஸ்திரிகளில் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டு, வாஸ், வேர். அங்கே நிறுத்திவிட்டேன். மின்விசிறியின் சத்தம் மட்டும் திடீரென்று பெரிதாகக் கேட்டது. மேசை மேல் சாப்பிட்ட தட்டு காய்ந்துகொண்டிருந்தது, ரசத்தின் மஞ்சள் விளிம்பு. மணி இரண்டே கால். நான்கு மணிக்கு சாரு வருவாள். ஆபீஸில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்து, இந்த அச்சுத்தாள்களை வாங்கிக்கொண்டுபோய் மேலப்புதூரில் ரெஜினாவிடம் கொடுக்கப் போகிறாள். சாரு என் மகள். தன்னை நான்தான் பெற்றேன் என்று நாற்பத்தோரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கும் என் மகள். படியிறங்கி வந்த கன்னியாஸ்திரியின் கையில் இருந்தது அவள்தான்.

இந்தப் புத்தகத்துக்கு அட்டையில் வேறு பெயர் இருக்கிறது, நீளமான பெயர். பிள்ளைகள் அதை ரெண்டு மிஸ் கைடு என்றுதான் சொல்வார்கள், கடைக்காரர்களும் அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நானும் ரெஜினாவும் ஒரே பள்ளியில், ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே நீள மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எழுதியது. விதிகள் என் வேலை. எழுவாய் ஒருமையானால் வினை ஒருமை, எழுவாய் பன்மையானால் வினை பன்மை, நடுவில் எத்தனை சொல் வந்து நின்றாலும் ஏமாறாதே, எழுவாயைத் தேடிப் பிடி, இப்படிச் சுருக்கமாக, பிள்ளைகள் பயப்படாதபடி எழுதுவேன். பயிற்சி வாக்கியங்கள் ரெஜினாவின் வேலை. முதலில் நானும் வாக்கியம் எழுதிப் பார்த்தேன். கூடையில் இருந்த மாம்பழங்கள், மேயப் போன மாடுகள். அவள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தாள். "உன் வாக்கியத்துல ஆளே இல்லடி ஞானம். மாடும் மாம்பழமுமா இருக்கு. பிள்ளைங்க தூங்கிரும்." தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவள் வாக்கியம் எழுதுவாள், எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடுவாள். யார் என்ன பேசினாலும் காது கொடுத்துக்கொண்டே எழுதுவாள். கணக்கு டீச்சரின் நாத்தனார், வாட்ச்மேனின் இரண்டு சம்சாரங்கள், அவர் இரண்டு சம்சாரங்களில் ஒருத்தியும் அவருக்குச் சாப்பாடு கொடுப்பதில்லை, கிவ்ஸ், கிவ். ஸ்டாஃப் ரூமில் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது, யாரும் எழுதிவைக்காத கட்டுப்பாடு. பெயர் வரக்கூடாது, செத்தவர்களைப் பற்றி வரக்கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது வரக்கூடாது. வருடா வருடம் புதுப் பதிப்பு வந்ததும் எல்லோரும் பயத்தோடு புரட்டித் தங்களைத் தேடுவார்கள். கிடைத்தால் திட்டுவார்கள், கிடைக்காவிட்டால் முகம் வாடிப்போகும். நான் ஒரு பதிப்பிலும் இருந்ததில்லை. "உன்னையும் ஒரு நாள் கோடிட்ட இடமா ஆக்கிருவேன், பாத்துக்க" என்று அவள் சொல்வாள். நான் சிரிப்பேன். அவள் வாயிலிருந்து அது வராது என்று எனக்குத் தெரியும். அது வராது என்பது என் வீட்டுச் சுவர் மாதிரி, நான் சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறேன், திரும்பிப் பார்த்ததில்லை.

அன்று பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர் தணிகாசலம், ரெஜினா. திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மலையடிவாரம், ஒரு மடத்து இல்லம், வாசலில் அரளி. அங்கே ரெஜினாவின் அத்தை ஒருத்தி சிஸ்டராக இருந்தாள், அந்த வழியில்தான் எல்லாம் நடந்தது. அதற்கு முன் கோயம்புத்தூரில் பதினோரு மாதம். அவர் மாற்றல் கேட்டு வாங்கினார், நான் சம்பளமில்லா விடுப்பு. ஊருக்குக் கடிதம் எழுதினோம், மசக்கை என்று எழுதினேன், புளிப்பு பிடிக்கிறது என்று எழுதினேன், ஐந்தாம் மாதம் அசைவு தெரிகிறது என்று எழுதினேன். எழுத எழுத எனக்கு நிஜமாகவே வயிறு கனத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் குழந்தை என் மடியில், துவாலையில் சுற்றி. ரெஜினாவின் மடியில் பால்பவுடர் டின். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ரெஜினா மட்டும் கையை நீட்டி என் முழங்காலில் வைத்துக்கொண்டு, "இவ உன் பொண்ணு. ஊர்ல நாம மூணு பேரைத் தவிர நாலாவது ஆளுக்கு இது தெரிஞ்சா நான் மனுஷி இல்ல" என்றாள். பஸ்ஸின் இரைச்சலில் சொன்னாள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. கடைசி நாள் ஆஸ்பத்திரியில்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, சொல்லாத இடத்தில் வேறொன்றைக் கட்டி எழுப்பியிருக்கிறேன். சாருவின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் பாயசம் வைத்துவிட்டு அவள் பிறந்த கதையைச் சொல்வேன். மூன்று வயதில் அவள் கேட்கத் தொடங்கியது, பழக்கமாகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு வலி, வெளியே அப்படி ஒரு மழை, ஆட்டோ கிடைக்கவில்லை, அப்பா குடையோடு தெருமுனை வரை ஓடினார், ஆஸ்பத்திரியில் கரண்ட் போய்விட்டது, நர்ஸ் ஒருத்தி லாந்தர் பிடித்தாள், விடிகிற நேரத்தில் நீ அழுதாய். வருடத்துக்கு வருடம் மழை கூடிக்கொண்டே வந்தது. லாந்தர் பிற்பாடு சேர்ந்தது. "அப்புறம் என்னம்மா ஆச்சு" என்று சாரு கேட்பாள், எட்டு வயதில், பதினெட்டு வயதில், போன கார்த்திகையில் நாற்பத்தொன்று முடிந்தபோதும் மாடியிலிருந்து புருஷனோடு இறங்கி வந்து, பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. மழையைச் சொல்ல மறந்துவிட்டேன் அந்த முறை, வயதாகிவிட்டது. "மழைம்மா, மழையை விட்டுட்ட" என்று அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

கவர் ஒட்டப்படவில்லை. இப்போதுதான் எடுத்துப் பார்க்கிறேன். பழுப்பு நிறக் கவர், வாயை மடித்து உள்ளே செருகியிருக்கிறது, அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் சாரு கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள், "உன் ஃப்ரெண்ட் குடுத்தாங்க, நாளைக்கே வேணுமாம், பிரஸ்ல அவசரப்படுத்துறாங்களாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். முகம் எப்படி இருந்தது. பார்க்கவில்லையே. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் வரும்போது கவர் எங்கே இருந்தது, சீட்டுக்கு அடியிலா, கால் பக்கத்திலா. சிக்னலில் நிற்கும்போது ஒருத்தி சும்மா எடுத்துப் பார்க்கமாட்டாளா. இல்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பார்த்தாலும் பெயர் இல்லையே, யாரோ ஒரு பெண், யாரோ ஒரு கணவன், அவளுக்கு என்ன தெரியும். ஆனால் மறுபடி மறுபடி அங்கேயே வந்து தட்டுகிறது, பதினோரு மாதம். கோயம்புத்தூரில் நாங்கள் பதினோரு மாதம் இருந்தது அவளுக்குத் தெரியும், நானேதான் சொல்லியிருக்கிறேன், அந்த வீட்டுக் கிணற்றைப் பற்றி, எதிர்வீட்டு நாயைப் பற்றி. பிள்ளைகளுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுப்பேன். நான் என்கிறபோதும் நீ என்கிறபோதும் ஆங்கில வினைக்கு வால் கிடையாது. இங்கே இல்லாத ஒருத்தியைப் பற்றி, அவள் என்று நாம் பேசத் தொடங்கும்போதுதான் ஒரு எஸ் வந்து ஒட்டிக்கொள்ளும். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவளுக்கு வால் ஒட்டுகிற பாஷை என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும், மறக்காது. இப்போது அந்தப் பெண் என்று ரெஜினா எனக்கு வால் ஒட்டியிருக்கிறாள். நாற்பத்தெட்டு வருடமாக அவளுக்கு நான் நீதான், ஞானம்தான், என்னடிதான். எங்கோ நான் இல்லாத ஒரு அறையில் என்னை அவளாக்கி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். எழுத அவளுக்குக் கை வராது, நடுக்கம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஒன்று சொல்லச் சொல்ல டைப் அடித்துத் தருகிறது என்றாளே, அப்படியானால் அந்தப் பெண்ணிடமும் சொல்லியிருக்கிறாள். வாய்விட்டு, ஒவ்வொரு வார்த்தையாக. கமா, கோடு, அடைப்புக்குறி என்று. போனை எடுத்தேன். நாலு தடவை ரிங் போனபின் ரெஜினா எடுத்தாள். "என்னடி, ஏழாவது படிச்சியா? கெழவி சொர்க்கத்துக்குப் போனாலும் குறட்டைதான் விடுவா." எட்டாவது படித்தேன் என்றேன். அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. "ம்" என்றாள். "இது என்ன ரெஜி?" "பயிற்சி." "என் பொண்ணு கையிலயே குடுத்து அனுப்பியிருக்க." "கவர்ல போட்டுத்தான குடுத்தேன்." "கவர் ஒட்டலை." "எச்சி வச்சு ஒட்டுற பழக்கம் எனக்கு என்னைக்கு இருந்துச்சு?" "நாப்பத்தோரு வருஷம் ரெஜி." "எனக்கும் எண்ணத் தெரியும் ஞானம்." என் குரல் உடைந்தது, அவள் குரல் உடையவில்லை, அதுதான் தாங்கவில்லை. "பேர் இருக்கா அதுல, ஊர் இருக்கா?" என்று கேட்டாள். "கன்னியாஸ்திரி இருக்கு. நீ பஸ்ல சொன்னது ஞாபகம் இருக்கா, நாலாவது ஆளுக்குத் தெரிஞ்சா நீ மனுஷி இல்லைன்னு." "ஞாபகம் இருக்கு. மனுஷி இல்லைன்னே வச்சுக்க" என்றாள். "சிவப்புப் பேனா உன் கையிலதான் இருக்கு. வேணாம்னா அடி. ஆனா பதினஞ்சு வரைக்கும் படிச்சுட்டு அடி. பாதியில நிறுத்துறதே உனக்கு வழக்கம்." பிசியோ பெண் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள். வரவில்லை. பிசியோ காலையில் வருகிறவள், எனக்குத் தெரியும்.

அடிக்கத்தான் போகிறேன். அடித்துவிட்டு அந்த இடத்தில் மாடும் மாம்பழமும் எழுதப் போகிறேன், எட்டு வாக்கியம், ஆளே இல்லாத வாக்கியங்கள், பிள்ளைகள் தூங்கட்டும். எட்டாவதின் மேல் கோடு போட்டேன், நேர்கோடு, ஸ்கேல் வைத்த மாதிரி, இந்த வயதிலும் என் கோடு நடுங்காது. ஒன்பதாவதின் மேல் போட்டேன். ஒருவரும் என்பது எத்தனை பேரைக் குறித்தாலும் ஆங்கிலத்தில் ஒருமைதான், ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு ஆள், அந்த ஒரு ஆளுக்கும் ஒன்றும் தெரியாது, நல்லது. பத்தாவது, கன்னியாஸ்திரி படியிறங்கும்போது தடுக்கினாள், கையை நீட்டிக்கொண்டு நான் ஓடினேன், அதைக்கூட ரெஜினா எழுதவில்லை, அந்த மட்டில். கோடு. பதினொன்றாவதைப் படித்துவிட்டுத்தான் அடித்தேன். கணவனுக்கோ தோழிக்கோ அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று புரியவில்லை, அண்டர்ஸ்டாண்ட்ஸ், அண்டர்ஸ்டாண்ட். இவரும் இல்லை அவரும் இல்லை என்று இரண்டு பேர் வந்தால் வினை பக்கத்தில் இருக்கிறவர் பேச்சைத்தான் கேட்கும், தூரத்தில் இருக்கிறவரைக் கண்டுகொள்ளாது. அந்த விதியை எழுதும்போது எனக்கு எப்போதுமே ஒரு சின்ன வருத்தம் உண்டு. ரெஜினாவுக்குப் புரியவில்லையாமே. நான் ஏன் அழுகிறேன் என்று தெரிந்துதான் முழங்காலில் கை வைத்தாள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். கோடு போட்டபோது பேனா தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டது. பன்னிரண்டாவது. ஒரு துவாலையும் ஒரு பால்பவுடர் டின்னும் குழந்தையோடு கொடுக்கப்பட்டு, வாஸ், வேர். பேனாவைக் கொண்டுபோன இடத்தில் பென்சிலில் ஏதோ தெரிந்தது, மெல்லிய பென்சில், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டின்னுக்குப் பிறகு ஒரு சின்னப் படகு. விட்டுப்போன சொல்லைச் சேர்க்க எல்லோரும் கூரை மாதிரி ஒரு குறி போடுவார்கள், ரெஜினா இரண்டு கோடு கிழிப்பாள். நான் மட்டும் படகு போடுவேன், வளைந்த அடிப்பாகம், மேலே பாய்மரம், சொல் அதில் ஏறி வந்து இறங்கும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். என் விடைத்தாள் திருத்தம் என்றால் படகை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே இது என் படகு. என் படகுதான் என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தேன், நான் போடாத படகு. படகுக்கு மேலே பென்சிலில் எழுதியிருந்தது, ஒரு துண்டுச் சீட்டும்.

துண்டுச் சீட்டு ரெஜினாவுக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் பிறகு காட்டினேன். சிஸ்டர் குழந்தையைக் கொடுத்தபோது என் உள்ளங்கையில் மடித்து வைத்தது. பிறந்த தேதி, பகல் பதினொன்றே கால், எடை இரண்டு கிலோ நூறு, அடியில் வேறு கையெழுத்தில், அதிகம் படிக்காதவர்கள் எழுதுகிற மாதிரி பெரிது பெரிதாக, பால் குடிச்சா தூங்கிடும் என்று ஒரே ஒரு வரி. எரித்துவிடச் சொன்னார் அவர், எரித்துவிட்டேன் என்று சொன்னேன். எரிக்கவில்லை. அந்த ஒரு வரியை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் படித்த பழைய இலக்கணப் புத்தகத்தின் பின் அட்டையில், நூலகச் சீட்டு வைக்கிற காகிதப் பைக்குள் வைத்தேன், அது அலமாரியின் மேல் தட்டில் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கியது. சாருவுக்குப் பத்தொன்பது வயதில் பாங்க் பரீட்சை, "எழுவாய் வினையில மார்க் போகுதும்மா, உன் பழைய புக்கைக் குடேன்." வேறு புத்தகம் தருகிறேன் என்றேன், இதுதான் வேண்டும் என்றாள், சீட்டு இருக்கிறதே என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை, மறந்துபோயிருந்தேன், அவ்வளவு நன்றாக ஒளித்திருந்தேன், என்னிடமிருந்தே. இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை அமுக்கிவிட்டாள். என்னடி புதுசா என்றேன், சும்மாம்மா என்றாள். அந்த வருடம் பிறந்தநாளில் கதை சொல்லும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை என்று நினைவு. அடுத்த வருடத்திலிருந்து மறுபடி கேட்டாள், அப்புறம் என்னம்மா ஆச்சு. இருபத்திரண்டு வருடம். இருபத்திரண்டு பாயசம். பகல் பதினொன்றே கால் என்று தெரிந்துகொண்டு, வலியும் இல்லை லாந்தரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, மழையை விட்டுட்ட என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள், திக்கித் திக்கி ஒப்பிக்கிற பிள்ளைக்கு டீச்சர் எடுத்துக் கொடுக்கிற மாதிரி. நான்தான் அந்தப் பிள்ளை. ரெஜினாவிடம்தான் போய்க் கேட்டிருப்பாள், வேறு யாரிடம் கேட்பாள். ரெஜினா சொல்லியிருப்பாள், கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மேலப்புதூருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்புகிறாள், பாவம் தனியாக இருக்கிற மனுஷிக்குப் பேச்சுத் துணை என்று நானேதான் பெருமைப்பட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண். ரெஜினா வீட்டுக்குப் பக்கத்தில் மரக்கடைதான் இருக்கிறது, இந்தப் பக்கம் மரக்கடை, அந்தப் பக்கம் காலி மனை. இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று. ரெஜினா ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, என் மகள் உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறாள், அந்தப் பெண், அவள் கணவன், குழந்தை, என்று. அச்சுத்தாள் வந்த பிறகு, அதில் ஒன்று குறைகிறதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை, என்னிடம் கற்ற படகையே போட்டுவிட்டாள். என் பிள்ளை. தப்பாக ஒரு வாக்கியம் போகவிடமாட்டாள்.

மீதி மூன்றையும் படித்தேன். பதின்மூன்று, அந்தப் பெண் தன் தோழியோடு சேர்ந்து ஒரு பொய்யை வளர்த்து வருகிறாள். பதினான்கு, குடும்பம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. பதினைந்து, தாயோ மகளோ ஒருத்தி முதலில் பேச வேண்டியிருக்கிறது, ஹேஸ், ஹேவ். அவ்வளவுதான் பயிற்சி, அடியில் ஒரு சின்னப் பூ, பிரஸ்காரர்கள் இடம் நிரப்பப் போடுவது. கேட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போது மணி மூன்று ஐம்பது. செருப்பை விடுகிறாள், குழாயைத் திறக்கிறாள், முகம் கழுவுகிறாள், ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரிந்த சத்தம், இன்று ஒவ்வொன்றும் எனக்குத் தெரியாத சத்தம். "தட்டைக்கூட எடுத்து வைக்கலையா" என்றபடி உள்ளே வந்தாள், தட்டை எடுத்தாள், எடுத்துக்கொண்டு போகாமல் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். சிவப்புக் கோடுகளைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஈரக் கையிலிருந்து ஒரு சொட்டு என் புஜத்தில் விழுந்தது. நான் திரும்பவில்லை. அவளை அடிக்கவேண்டும்போல இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது, இரண்டையும் செய்ய இந்தக் கைகளுக்கு உரிமை உண்டா என்று ஒரு எண்ணம் வந்தது, வாழ்நாளில் முதல் தடவையாக, அதற்காகவே இந்த இரண்டு பேரையும் என்னால் மன்னிக்க முடியாது என்று தோன்றியது. "பதினொண்ணு வரைக்கும் அடிச்சிருக்க" என்றாள் கடைசியில். குரல் சாதாரணமாக இருந்தது, சாதாரணமாக இருக்கப் பழகிய குரல். "பன்னெண்டாவதுல ஏன்மா நிறுத்திட்ட?" "அதுல ஏற்கெனவே யாரோ திருத்தியிருக்காங்க" என்றேன். தட்டை மறுபடி மேசையில் வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து வெகுநேரம் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். "அன்னைக்கு மழை இல்ல" என்றேன். "தெரியும்மா." "கரண்டும் போகல." "தெரியும்." "அப்ப வருஷா வருஷம் எதுக்குக் கேட்ட?" அவள் மேசை மேல் சிந்தியிருந்த ஒரு பருக்கையை விரல் நுனியால் ஒற்றி எடுத்துத் தட்டில் போட்டாள். "நீ சொல்லும்போது நல்லா இருக்கும்மா. நிஜமாவே பெய்யிற மாதிரி இருக்கும்." பேனாவுக்கு மூடி போட்டேன். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல், வெயில் காய்ந்துகொண்டிருந்தது.